மீன்காரம்மா திரும்பிய விதம்

இன்னொருவர் கண்டுபிடித்த பயிற்சியை என்னுடையதென்று சொல்லி, மாவட்டக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனவன் நான்.

அவர் மீஞ்சூரில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் விசில். தினமும் காலையில் ரயில் நிலையத்தில் நின்று, ரயிலேறும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் எனக்கும் காட்டினார்.

"அந்த மீன்காரம்மாவ பாரு சார். தலையில கூடைய வச்சிக்கினு, ஒரு கால ஊனி, முதுகக் காட்டித் திரும்பி இன்னாமா உள்ள பூந்துட்டாங்க!"

மறுநாளே அவருடைய பையன்கள் தலையில் கூடையோடு, தடுக்கும் ஆட்டக்காரரைத் தாண்டிப் போக, ஒரு காலை ஊன்றித் திரும்பப் பழகினார்கள்.

மாவட்டப் பயிற்சியாளர் பதவிக்கு நாங்கள் இருவருமே விண்ணப்பித்தோம். தேர்வுக் குழு என்னைத்தான் முதலில் அழைத்தது. அதையே செய்து காட்டினேன். பிறகு வந்த அவரும் அதையே செய்தபோது, "காப்பியடிக்கிறார்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில ஆண்டுகள் கழித்துக் குழுவிடம் உண்மையைச் சொல்லிப் பதவியை விட்டேன். அதே நடைமேடையில் அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அது அந்தம்மாவோடது சார், போவட்டும். நீ இன்னாத்துக்கு சார் சிரிச்ச?"

ரயில் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அன்று அவர் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.