நான்காவது தூணில் குளவிக்கூடு

பல்மீரா கோயிலுக்குள் கால் வைக்கமாட்டாள் என்பது எங்கள் மொன்கிராவெரோ ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். கல்யாணமோ சாவோ, ஊர் முழுக்க உள்ளே போகும். அவள் வெளியே மரத்தடியில் நின்று சிகரெட் பிடிப்பாள். பூசை முடிந்து சவப்பெட்டி வெளியே வந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து கல்லறைவரை நடப்பாள், ஒரு பிடி மண் போடுவாள், வீட்டுக்குத் திரும்புவாள். அவளுடைய அப்பா இந்த ஊர்க் கம்யூனிஸ்ட் கிளைக்கு முப்பது வருடம் செயலாளர். கட்சி கலைந்த பிறகும் அவருடைய வீம்பு கலையவில்லை. அதை அப்படியே மகளிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பல்மீராவின் கல்யாணம் ஊராட்சி மண்டபத்தில் நடந்தது. புருஷன் எவாசியோவை அடக்கம் செய்தபோதும் பாதிரியார் வரவில்லை, பேண்டு வாத்தியம்தான் வந்தது.

இப்போது அவளுக்கு அறுபத்து நான்கு வயது. திராட்சைக் கொடி கட்டுவது தொழில். பிப்ரவரியில் வேலை தொடங்கும். வெட்டிவிட்ட கொடியை ஒடியாமல் வளைத்து, ஊறவைத்த இளங்குச்சியால் கம்பியோடு சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினால் ஒரு கொடி முடிந்தது. அவள் ஒரு நாளில் கட்டுவதை வேறொருவர் கட்ட ஒன்றரை நாள் ஆகும். வாயும் அதே வேகம். குனிந்த தலை நிமிராமல், பக்கத்து வரிசைக்காரரின் மானத்தைக் கப்பலேற்றிவிடுவாள்.

ஊருக்கும் மலையுச்சியிலிருக்கும் பனிமாதா கோயிலுக்கும் நடுவே ஒரு பழைய பாதை உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்குள்ளாகவே ஏறும். வழிநெடுக ஏழு செங்கல் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு மாடம், மாடத்துக்குள் மரத்தில் செதுக்கிய ஒரு மாதா. காற்றடித்து ஓய்ந்த மறுநாள் ஐந்தாவது தூணருகே நின்றால், மேற்கே மொன்விசோ சிகரம் தனியாக நிமிர்ந்து நிற்கும்; வடக்கே ரோசா மலை பனியோடு விரிந்து கிடக்கும். ஒரு காலத்தில் ஆகஸ்ட் திருவிழாவுக்கு ஊரே இந்தப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியது. பிறகு பின்பக்கமாகத் தார்ச்சாலை போட்டார்கள். அன்றோடு எங்கள் பக்திக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. கோயில் வாசல்வரை கார் போகும்போது எந்தப் புண்ணியவான் முழங்கால் நோக ஏறுவான்? இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் ஜெர்மன்காரர்களுக்கோ, சிவப்பு வெள்ளைக் குறி போட்ட வழி பக்கத்து மேட்டில் இருக்கிறது. அவர்களுடைய வரைபடத்தில் ஏழு தூண் பாதை கிடையாது.

இந்த வருடம் மார்ச்சில் அந்தப் பாதையின் குறுக்கே சங்கிலி விழுந்தது. மூன்று வருடம் முன்பு மிலானிலிருந்து ரவெல்லி என்பவர் வந்து இரண்டாவது தூணிலிருந்து ஆறாவது தூண்வரை தோட்டத்தை மொத்தமாக வாங்கினார். பழைய களஞ்சியத்தை விடுதியாக்கினார், நீச்சல் குளம் வெட்டினார். குளத்தில் கிடக்கும் விருந்தாளிகளை வழிப்போக்கர் யாரும் பார்க்கக்கூடாதாம். வேலைக்குப் போகும் வழியில் சங்கிலியைப் பார்த்த பல்மீரா அதைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள், திரும்பத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். அங்கே நின்றிருந்த ரவெல்லி மரியாதையாகத்தான் பேசினார்.

"கோயிலுக்குப் போறதுக்குத்தான் ரோடு இருக்கேம்மா. இந்த வழியில யார் நடக்கிறாங்க?"

அவள் வேலைக்கு நடந்தாள்.

அந்த வழியில் நடந்த ஒரே ஆள் அவள்தான். இருபத்தோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் ஒன்பதாம் தேதி. இது ஒருவருக்கும் தெரியாது.

எவாசியோ அந்தச் சரிவில் கூலிக்கு உழுதுகொண்டிருந்தபோது டிராக்டர் குடைசாய்ந்தது. நான்காவது தூணிலிருந்து சரியாக நாலு அடி. யாரோ ஓடிவந்து சொல்ல, பல்மீரா போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. எவாசியோவின் மூச்சு நின்றுவிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாடத்துக்குள்ளிருந்து மாதா அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பல்மீரா மன்னிக்கவே இல்லை. அடுத்த வருடம் அதே தேதியில் ஏழு தூணையும் கடந்து கோயிலுக்கு ஏறினாள். நடுப்பகலில் ஆளில்லாத கோயிலுக்குள் போய், பீடத்துக்கு எதிரே நின்று, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வெளியே வரும்போது வாசலில் யாத்திரிகர் நோட்டுப் புத்தகம் கண்ணில் பட்டது. சொன்னது எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதிவைத்தாள். பெயர் போடவில்லை. 'ப' என்று ஓர் எழுத்து மட்டும் போட்டாள்.

வருடத்தில் அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை அவள் ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். சங்கிலி அங்கேயே நிலைத்துவிட்டால் நான்காவது தூண் இல்லை. எவாசியோ விழுந்த மண் இல்லை.

பாதிரியார் ஜாச்சிந்தோவும் மேயரும் வழக்குப் போட்டார்கள். ரவெல்லியின் வக்கீல் சொன்ன பதில் சுருக்கமானது: கோயிலுக்குப் போவோருக்கு அந்த நிலத்தில் வழியுரிமை இருந்தது உண்மை, ஆனால் இருபது வருடம் யாருமே நடக்காத வழியின் உரிமை செத்துப்போகும். ஊர் கொதித்தது. அதுவரை அந்தப் பாதையை மறந்தே போயிருந்தவர்களெல்லாம் மதுக்கடையில் மேசையைத் தட்டிப் பேசினார்கள். பல்மீரா மட்டும் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பாதை பிழைக்கலாம். ஆனால் அப்பாவின் மகள் என்ற பெயர் பிழைக்காது. சிவப்புக் கொடிக்காரி ஒளிந்து ஒளிந்து மாதாவைப் பார்க்கப் போனாளாம் என்று அவள் சாகும்வரை ஊர் சிரிக்கும். ஊரைப் பார்த்துச் சிரித்தே பிழைத்தவள் அவள். அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அறுவடை முடிந்து அக்டோபரில், நீதிமன்றம் அனுப்பிய பெண் அதிகாரி ஊராட்சி மண்டபத்துக்கே வந்து விசாரித்தார். நிற்க இடமில்லை. இருபது வருடத்தில் யாராவது நடந்ததுண்டா என்று வக்கீல் கேட்டதும், பல்மீராவின் பக்கத்து வீட்டுக் கிழவர் கார்லின் எழுந்து, வருடம் தவறாமல் தான் நடப்பதாக நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். கார்லின் தபால் பெட்டிக்கே காரில் போகிறவர்.

"அப்ப நாலாவது தூண்ல என்ன இருக்கு?" என்றார் வக்கீல்.

"மாதா."

"குழந்தை எந்தக் கையில?"

கார்லின் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடது கையில் என்றார். வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். குழந்தையே இல்லை. மாதா கைகூப்பி நின்றாள். அடுத்துப் பொய் சொல்லத் தயாராக எழுந்திருந்த இருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்கள். ரவெல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் பல்மீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமாகவா? எழுந்துவிட்டாள்.

"நான் நடந்தேன்."

மண்டபமே சிரித்தது.

"உட்காரு பல்மீரா" என்றார் கார்லின். "நான் சொன்ன பொய்யையாவது ஒரு நிமிஷம் நம்பினாங்க."

"நவம்பர் ஒன்பது. வருஷத்துக்கு ஒரு தடவை. இருபத்தோரு தடவை. மேல கோயில்ல நோட்டு இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லுங்க. 'ப'ன்னு போட்டிருக்கிறது நான்தான்."

பாதிரியார் ஜாச்சிந்தோ நாற்காலியோடு திரும்பினார். "நீங்களா?" என்றார். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பெயரில்லாத ஆளின் மனசு ஆறவேண்டும் என்று பூசையில் வேண்டிக்கொண்டவர் அவர். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தன்னைக் கேட்காமல் தனக்காக எவன் வேண்டச் சொன்னான் என்று பல்மீராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு இது நேரமில்லை. பாதிரியார் காரில் போய்க் கால்மணி நேரத்தில் நோட்டுகளைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தைப் பிரித்தவர் வாசிக்கத் தயங்கினார்.

"படிங்க சாமியாரே. எழுதினவளே வெட்கப்படல."

அவர் படித்தார். "வந்தேன். நாலு அடி தள்ளி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தியே. கையை நீட்டியிருந்தா எட்டியிருக்கும். ப."

அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை. எவாசியோவின் டிராக்டர் எங்கே விழுந்தது என்று அந்த மண்டபத்தில் தெரியாதவர்கள் ரவெல்லியும் வக்கீலும் அதிகாரியும்தான். முன்வரிசைக் கிழவி ஒருத்தி அதிகாரியின் காதில் சொன்னாள்.

பாதிரியார் பக்கங்களைத் திருப்பினார். நான்காம் வருடம்: "முதல் தூண்ல உன் கூரை ஓடு போயிடுச்சு. நல்லா நனை. ப." ஒன்பதாம் வருடம்: "அஞ்சாவது தூணுக்குக் கீழே மண்ணு சரிஞ்சு கிடக்கு. வழியை அடைச்சா வரமாட்டேன்னு நினைச்சியா? சுத்திக்கிட்டு வந்திருக்கேன். ப." அந்த வருடம் அக்டோபரில் அங்கே மண் சரிந்ததற்கு ஊராட்சிப் பதிவேட்டில் சாட்சி இருப்பதாக மேயர் எழுந்து சொன்னார். பதினான்காம் வருடம்: "நாலாவது தூண்ல உன் கழுத்துக்குக் கீழே குளவி கூடு கட்டியிருக்கு. அதையே தட்டிவிட முடியாதவ நீ, டிராக்டரையா தூக்கியிருப்பே? ப."

வக்கீலின் புகைப்படத்தை அதிகாரி கண்ணருகே கொண்டுபோனார். கூப்பிய கைக்கு மேலே, சாம்பல் நிறத்தில், முட்டை அளவுக்குக் கூடு தெரிந்தது.

"இதையும் படிங்க" என்று பல்மீரா இன்னொரு பக்கத்தைக் காட்டினாள். இரண்டு வருடம் முந்தையது. "ஆறாவது தூண்லேருந்து உன்னை எடுத்து எவனோ முள்ளுல வீசியிருக்கான். தூக்கி வச்சிட்டேன். சண்டை உனக்கும் எனக்கும். ஊரான் எதுக்கு நடுவுல வர்றான்? ப."

எல்லோரும் ரவெல்லியைப் பார்த்தார்கள். ரவெல்லி செல்பேசியைப் பார்த்தார்.

வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. வழியுரிமை வழிபடப் போகிறவர்களுக்குத்தான், வைதுவிட்டு வரப் போகிறவர்களுக்கு இல்லை என்றார். இந்த அம்மாள் நம்பிக்கையில்லாதவர் என்பது ஊரறிந்த விஷயம். நம்பாத ஒருவர் நடந்த நடை கணக்கில் சேராது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பல்மீராவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க மாதாவை நம்புறீங்களா?"

இல்லை என்றால் பாதை போயிற்று. ஆம் என்றால் அப்பா போனார், பேண்டு வாத்தியத்தோடு அடக்கமான எவாசியோ போனான், மரத்தடியில் சிகரெட்டோடு நின்ற நாற்பது வருடமும் போயிற்று. நாற்காலியின் முதுகை அவள் பிடித்துக்கொண்டாள்.

"நம்புறேனான்னு என்னைக் கேட்காதீங்க. என் வாயிலேருந்து அது வராது. எனக்கு அவமேல கோபம். இருபத்திரண்டு வருஷமா ஒரு துளி குறையல. இல்லாத ஒருத்திமேல இவ்வளவு கோபப்பட நான் என்ன பைத்தியமா? ஏறிப் போறேன், மூஞ்சிக்கு நேரா கேட்கிறேன், இறங்கி வர்றேன். கார்ல போய் மெழுகுவர்த்தி ஏத்தி, போட்டோ எடுத்துக்கிட்டு வர்றவங்க எல்லாம் பக்தருங்கன்னா, என் நடையை எதுல சேர்க்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டு உட்காராமல் நேராக வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தாள்.

பதினைந்து நாளில் தீர்ப்பு வந்தது. சங்கிலி கழன்றது.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை நல்ல மூடுபனி. பல்மீரா போனபோது முதல் தூணருகே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கார்லின் பரணிலிருந்து எடுத்த பழைய பூட்ஸ் போட்டிருந்தார், பையில் ஒரு புட்டி பர்பேரா ஒயின். பாதிரியாரும் நடைக்குத் தோதாக அங்கியைத் தூக்கிச் செருகியிருந்தார். இது தன் சொந்தச் சண்டை, வேடிக்கை பார்க்க ஊர் எதற்கு என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"வர்றதுன்னா வாங்க" என்றாள் கடைசியில். "பாட்டு கூடாது. ஜெபமாலையெல்லாம் பைக்குள்ளயே இருக்கட்டும்."

பேச்சில்லாமல் ஏறினார்கள். கார்லின் மட்டும் மூச்சுவாங்க முனகிக்கொண்டே வந்தார். நீச்சல் குளம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. நான்காவது தூணருகே வந்ததும் ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பல்மீரா மட்டும் முன்னே போனாள். மண்ணைப் பார்த்தாள். அப்புறம் மாடத்தைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டுக் காய்ந்த குளவிக்கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டுக் காலால் நசுக்கினாள்.

"எட்டு வருஷம் விட்டுவச்சிட்டு இப்ப ஏன்?" என்றார் பாதிரியார், மெல்ல.

"இனிமே ஜனங்க நடப்பாங்க. யாரையாவது கொட்டும்."

கோயிலில் மற்றவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். அவள் தனியாக உள்ளே போய்க் கேட்கவேண்டியதைக் கேட்டாள். வழக்கத்தைவிட நேரமாயிற்று. வெளியே வந்து நோட்டைப் பிரித்து எழுதினாள்: "வந்தேன். குளவிக்கூட்டை நான்தான் தட்டினேன், நீ இல்ல. பாதை இருக்கு. கோபமும் இருக்கு."

கீழே 'ப' என்று போட்டாள். பேனாவை எடுக்காமல் மிச்ச எழுத்துகளையும் எழுதினாள். பல்மீரா, எவாசியோவின் மனைவி.