காலையிலிருந்து கேட்கும் அல்லி

கார் பானெட்டைத் திறக்கப் போன தியாகராசனின் கையை அல்லி விலக்கிவிட்டாள். அது எங்கே ஓடிவிடப் போகிறது, மனிதர் முதலில் உட்காரட்டும். "காலைலேர்ந்து சொல்லுங்க சார். படுக்கைய விட்டு எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க."

வண்டி கெட்டால் ஆளை விசாரிப்பாள். தலத்தெருவில் தகரக் கொட்டகை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது, அந்தப் பழக்கத்தை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை. புடவைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கொண்டையைச் சுற்றி ஒரு துண்டு. ஸ்பானர்களைப் பூசைப் பாத்திரம்போலத் துடைத்து அடுக்கி வைத்திருப்பாள். என்ஜின் ஓடும்போது கொட்டகையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் சரி, இந்தக் காரைக்கால் வட்டாரத்தில் அப்படி ஒரு காது வேறு யாருக்கும் கிடையாது.

தியாகராசன் குரும்பகரத்துக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மயிலாடுதுறையில் கிளார்க் வேலை. கார் பதினைந்து வருஷப் பழைய டர்போ டீசல். அவர் வம்சத்திலேயே முதல் கார். ஒரு வாரமாக, கிளப்பினால் ஐந்து நிமிஷம் ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். அரைமணி கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். டவுனில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக் செல்லையன், என்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி கிடைக்காது என்று சொல்லி, பழைய இரும்புக்கு ஆளையும் பேசிவிட்டான். நாலு மணிக்கு லாரி வரும். இப்போதே மணி இரண்டு.

"அல்லிகிட்டயா போறீங்க? அது காதுல வைத்தியம் பாக்குற பொம்பளையாச்சே" என்று சிரித்தானாம்.

அல்லி காரைக் கிளப்பச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தாம் நிமிஷம் என்ஜின் விக்கியது, குலுங்கியது, நின்றது.

"டர்போ தங்கமாட்டம் இருக்கு சார். ஊதல் சுத்தமா கேக்குது. இதுக்கு டீசல்தான் வரல. எப்ப போட்டீங்க?"

"தினமும் எல்லை தாண்டறதுக்கு முன்னாடி. நம்ம ஊர்லதானே வெல கொறச்சல். கழுத்து மட்டும் ரொப்பிடுவேன்."

"கழுத்து மட்டுமா?" என்றாள் உடன் வந்திருந்த அவர் மனைவி கல்யாணசுந்தரி. "வாய் மட்டும். வளைவுல ஒரு சொட்டு சிந்திடக் கூடாதாம். போன வாரம் மூடிக்கு அடியில பால் கவர மடிச்சு வச்சு இறுக்குனீங்களே, அதையும் சொல்லுங்க."

"அது சும்மா, ஒரு பாதுகாப்புக்கு." தியாகராசன் தெருவைப் பார்த்தார்.

அல்லி சிரிக்கவில்லை. போய் டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

"எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா விக்கி விக்கித்தானே ஊத்தும்? காத்து உள்ள போக எதுத்தாப்ல இன்னொண்ணு குத்துவோம்ல? அந்த ஓட்டை இந்த மூடியிலயே இருக்கு சார். உங்க பால் கவர் அத அடைச்சிருச்சு. டேங்க் ரொம்பியிருந்தா இன்னும் சீக்கிரமா மூச்சு முட்டும்."

"டர்போவயே கழட்டணும்னு சொன்னாங்களேம்மா" என்றார் தியாகராசன்.

"சொல்லுவாங்க."

கவரை எடுத்துவிட்டு மூடியைப் போட்டாள். கார் கிளம்பியது. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து ஆயிற்று. போதும், நிறுத்திவிடுகிறேன் என்றார் தியாகராசன். முடியாது என்றாள். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் அவள் கணக்கில் ஓடியதாக அர்த்தம். ஓடியது, சீராக, ஒரு இருமல்கூட இல்லாமல். லாரி வர வேண்டாம் என்று கல்யாணசுந்தரியே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அல்லி கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். செல்லையன் நம்பர்.

"அலோ, யாரு?"

பானெட்டைத் தூக்கி, ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோய் நீட்டிப் பிடித்தாள். அவன் அலோ, அலோ என்று கத்தி ஓய்ந்து, பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.