நான் ஒளித்து வைத்த நல்ல பல்ப்

அந்த விளக்குமாலையை எரியவிடாமல் செய்தவள் நான்தான். என் கணவரின் கை தோற்கவில்லை... நான் தோற்கடித்தேன்!

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம். கொழுந்தனார் சவூதியில் இருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா, பள்ளிக்கூட டீச்சர், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். வருடாவருடம் வீட்டில் குடில் கட்டுபவள் நான். களிமண் குன்று, முளைவிட்ட கேழ்வரகு, வைக்கோல் கூரை... அந்த வருடம் அவள் மதுரையில் சீரியல் லைட் வாங்கி வந்து அதன்மேல் சுற்றினாள். பிறகு என் குன்றை யார் பார்த்தார்கள்?

அந்த லைட் திடீரென்று அணைந்துபோனது. மகிழ்ந்தேன்! அத்தோடு நின்றிருந்தால் உங்களிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

தெருவில் எல்லோருக்கும் ரேடியோ பழுதுபார்த்துக் கொடுக்கும் என் கணவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பல்ப் பியூஸானாலும் மாலை முழுவதும் அணைந்துவிடும். நல்ல பல்ப் ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். எங்கே செருகும்போது மாலை எரிகிறதோ, அங்கிருந்தது கெட்டது. உபரியாக இரண்டு பல்புகள் வந்திருந்தன. பேட்டரியில் தொட்டுப் பார்த்து, எரியாததை ஜன்னலில் வைத்தார். எரிந்ததை எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்து மாலையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னத்தான், தெருவுல உள்ள ரேடியோ பூராம் நீங்க சொன்னபடி கேக்குது. இது மட்டும் மொறைக்குது?”

“டீச்சர் வாங்குன லைட்டுல்ல... பெரம்பக் காட்டுனாத்தான் எரியும்!”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பில் ஒரு தப்பும் இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் என்னோடு அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! நான் வாயைத் திறந்தால் ‘சோறு போடவா’ என்பதைத் தவிர வேறென்ன வரும்? அது அவள் குற்றமா?

பாதி பல்புகள் முடிந்ததும் காப்பி குடிக்க எழுந்தார்.

“செசிலி, நல்ல பல்பு... பத்திரமா வச்சிரு.”

வைத்தேன்... என் முந்தானையில் முடிந்து! திரும்பி வந்தவர் கையில் ஜன்னலில் கிடந்த செத்த பல்பைக் கொடுத்தேன்.

அவர் அதைச் சந்தேகிக்கவே இல்லை. மீதி எல்லா இடத்திலும் செருகினார், பிடுங்கினார். கடைசி பல்பும் முடிந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன்... ஏன் பார்த்தேன்!

“எனக்குப் பிடிபடலம்மா” என்றார் அவளிடம்.

“விடுங்கத்தான். அக்கா கட்டுன குடிலு லைட்டு இல்லாமயே அழகாத்தான இருக்கு!”

நான் ஏங்கிய வார்த்தை அதுதான். அது அவள் வாயிலிருந்தா வர வேண்டும்?

அன்று மாலை கோயிலில், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், “பொறாமைப்பட்டேன், சாமி” என்றேன். பல்பைப் பற்றிச் சொல்லவில்லை. பரிகாரமாக அவர் கொடுத்த செபங்களைச் சொல்லி முடித்தேன். எதற்காகச் சொன்னேன்...?

அதன்பின் யார் ரேடியோ கொண்டுவந்தாலும், “வேற ஆளப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். இத்தனை வருடம் கழித்து, போன வாரம் எங்கள் மிக்ஸி நின்றது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்கு அதெல்லாம் பிடிபடாது செசிலி. கடையில குடுத்துரு.”

நானும் தூக்கிக்கொண்டு போனேன்.