"கடைக்குப் போறேன், ஆருக்கு இன்னா வோணும்?"

மணலியில் ஒரு டேங்கர் லாரியின் பின்புறத்தில் எண் எழுதிக்கொண்டிருந்தபோது சூசை அண்ணனின் மனைவி ரீட்டா அண்ணியிடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணன் பூட்டாரு ஏகா. காத்தால டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். பாதி எழுதிய எண்ணை விட்டுவிட்டுக் கிளம்பினேன். லாரி டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் சூசை அண்ணனைத் தெரியும். காசிமேட்டுப் படகுகளிலிருந்து திருவொற்றியூர்க் கடைகளின் ஷட்டர்கள் வரை அண்ணனின் பிரஷ் படாத இடம் குறைவு.

நானும் அவரும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஏணியைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். இராயபுரத்தில் எங்கள் தெருவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போகிறவர் "ஆருக்கு இன்னா வோணும்?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். என்னைப் போன்றவர்கள் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காதபடி முணுமுணுத்துவிட்டு நழுவிவிடுவோம். சூசை அண்ணனின் குரல் தெருமுனை டீக்கடை வரைக்கும் போகும். கேட்டதையெல்லாம் எழுதிக்கொள்ளமாட்டார். இடது முன்கையில் பேனாவால் சின்னச் சின்னப் படங்களாக வரைந்துகொள்வார். தக்காளி, சோப்பு, தைலம். "எய்துனா படிக்கணும் நைனா, வரைஞ்சா பாத்தாலே போதும்" என்பார்.

இந்தப் பழக்கத்தை மலைமேலும் கொண்டுபோவார் என்று நான் நினைக்கவில்லை.

நம் திருவொற்றியூர்ப் பெண் செல்வி, ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் டீச்சராக இருக்கிறாள். ஒருமுறை பள்ளிச் சுவரில் படம் வரைய எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். வெள்ளையடித்தால் போதும் என்று சொன்ன ஊர்க்காரர்களிடம் அவள்தான் பிடிவாதமாக நின்று சம்மதம் வாங்கியிருந்தாள். அந்த வாரக் கடைசியில் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் அவள் தலைதான் உருளும். "செல்விக்குக் கெட்ட பேரு வர வுடமாட்டோம்" என்று சூசை அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

முதல் நாளே பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் தீர்ந்துவிட்டது. கடை என்றால் மலையிறங்கிச் சந்தை ஊருக்குப் போக வேண்டும். போக வரப் பாதிப் பகல் ஆகிவிடும். அண்ணன் பையை எடுத்தார். வழக்கம்போல நடுத்தெருவில் நின்று குரல் கொடுத்தார். "கடைக்குப் போறேன், ஆருக்கு இன்னா வோணும்?"

ஊரே திரண்டு வந்தது! இப்படி ஒருவர் தானாகக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. டார்ச் லைட், சீப்பு, காய்ச்சல் மாத்திரை, பால்புட்டி. அண்ணனின் கை தோள்வரை படமாகிவிட்டது. மறுநாள் மிச்சம் பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பக்கத்துக் குன்றிலிருந்தும் வந்துவிட்டார்கள். நான் தனியாக ஏணியில் நின்று ஒரு மயிலை வரைந்துகொண்டிருந்தேன். கீழே பார்த்தால் ஒற்றையடிப் பாதையில் அண்ணன் எவனோடோ கதை பேசிக்கொண்டு ஏறி வருவார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. அடிபம்புக்கு வாஷர் வாங்கிவரச் சொன்ன காளித் தாத்தாவிடம் அண்ணன் கண்ணாடி வளையல்களைக் கொடுத்தார். கையில் வரைந்திருந்தது ஒரு வட்டம்; வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. தாத்தா திகைத்து நிற்க, அவர் மனைவி வளையல்களை வாங்கி மாட்டிக்கொண்டு, "இந்த மனுசன் இத்தனை வருசத்துல வாங்கித் தரலியே, நீயாவது தந்தியே!" என்றார். பம்பு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை காலை, அண்ணன் மறுபடி பையை எடுத்தார்.

"நாளைக்குத் திருவிழா. சுவரு பாதிகூட ஆவல. செல்விக்கு இன்னா பதில் சொல்லுவ?" என்று கத்தினேன்.

"தண்ணி ஒயுகுது ஏகா. வந்துர்றேன்" என்று போயே போய்விட்டார்.

மதியம் தாண்டி வாஷரோடு வந்தார். தனியாக வரவில்லை. டார்ச் வாங்கியவர், சீப்பு வாங்கியவர், பால்புட்டிக்காரி எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஏணி பிடிக்க ஒருவர், பெயிண்ட் கலக்க ஒருவர், சுவரில் வரைந்த மலைக்குப் பச்சை பூச நான்கு பேர். அண்ணன் என் மயிலை ஒரு தரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இது இந்த ஊரு மயிலு இல்ல, காலண்டர் மயிலு" என்று சொல்லி அதன்மேல் பச்சையை இழுத்துவிட்டார். அங்கே மலையேறும் ஒரு பாதை வந்தது. பாதையில் ஊர்க்காரர்கள், அவரவர் கேட்ட பொருள் அவரவர் கையில். எல்லோரோடும் வாரம் முழுக்க நடந்து பேசிப் பழகியிருந்தாரே, முகம் அப்படியே வந்தது. இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்த கூட்டம் சுவரை விட்டு நகரவில்லை. காளித் தாத்தாவின் மனைவி தன் படத்துக்குப் பக்கத்தில் வளையல் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். செல்வி சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். என் மயில் போன வருத்தமும் எனக்கு அன்றே போய்விட்டது.

சென்ற வாரம் அடக்கம் முடிந்த மறுநாள் செல்வி போன் செய்தாள். "ஏகாண்ணே, சுவத்துல ஊரே இருக்கு, அவரு மட்டும் இல்லியாம். வளையல் பாட்டி உங்கள வரச் சொல்லுது. அவரையும் வரைஞ்சாத்தான் ஆச்சாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

நாளைக்குக் கிளம்புகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழைய ஏணியும் அந்தக் குரலும்தான். இன்று காலை எங்கள் தெரு நடுவில் நின்று, வெட்கத்தை விட்டு, டீக்கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். "மலைக்குப் போறேன், ஆருக்கு இன்னா வோணும்?"

யாரும் சிரிக்கவில்லை. ரீட்டா அண்ணி மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"செவுத்துல அவரு கையில ஒரு பை குடு ஏகா. வெறுங்கையோட எங்கயும் போவமாட்டாரு."

மறந்துவிடக் கூடாது என்று இடது கையில் ஒரு பை வரைந்துகொண்டேன்.