அப்பா கெடுத்த மரம்

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இறங்கும் வழியில், ரோட்டோரத்து முதல் ரப்பர் மரத்தில், இடுப்புயரத்தில் ஒரு பெரிய புடைப்பு இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இன்னும் பத்துப் பதினைந்து. போன மாதம், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பழைய மரங்களைத் தறிப்பதற்காகச் சிவப்புப் பெயின்ட் அடையாளம் போட வந்திருந்த புதிய உதவி மேனேஜர், சின்னத்துரை, அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்த மடையன் இதை வெட்டினான் என்று கங்காணியிடம் சிங்களத்தில் கேட்டார். கங்காணி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நான் எதற்கு வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்? "எங்கப்பா" என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் முகம் போன போக்கை நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

அப்பா மடையன் இல்லை. முன்பு ருவான்வெல்லைக் கடைவீதியில் தையல்காரராக இருந்தார். பால் வெட்டியவள் அம்மா. மரத்தின் பட்டையை வெங்காயச் சருகு போல மெலிதாகச் சீவுவாள். பால் சிரட்டைக்குள் தானாக இறங்கும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் காயமாகிப் புடைத்துவிடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. அம்மா வெட்டிய மரங்களில் தேடிப் பார்த்தாலும் காயம் கிடைக்காது. அதனால்தான், எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு புதுத் தோட்டத்து ஆட்களுக்குப் பால் வெட்டப் பழக்க அவளைக் கேட்டார்கள். இரண்டு வருட வேலை. குடும்பத்தோடு வரலாம், வீடும் தருவோம் என்றார்கள்.

இங்கேதான் சிக்கல். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் ஒருவராவது இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கக் காம்பரா. எங்கள் வீட்டில் பதிந்திருந்தது அம்மாவின் பேர் மட்டும். அவள் போனால் சாவியைத் தோட்டத்து ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அம்மா மண் சுமந்து கட்டி அடுப்புப் போட்ட குசினி, நான் பிறந்த அந்த ஒற்றை அறை, எல்லாம் வேறு யாருக்கோ போய்விடும். திரும்பி வந்தால் நிற்க இடமில்லை. "பொம்பளைக்கு எதுக்குங்க ஆப்பிரிக்கா? இருக்கிறதக் காப்பாத்திக்கிட்டு இருங்க" என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள், "வேணாங்க, விட்டுருவோம்" என்றாள்.

அப்பா கடையை மூடிவிட்டு எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "செக்ரோல்ல ஒரு பேரு வேணும், அவ்வளவுதானே? என் பேர எழுதுங்கய்யா." பெரிய கிளாக்கர் சிரித்துவிட்டார். "உங்களுக்குப் பால் வெட்டத் தெரியுமா?" "தெரியாது. எம் பொண்டாட்டிக்குத் தெரியும்" என்றார் அப்பா. ஒரு மாதத்தில் வெட்டிக் காட்டினால் எழுதலாம் என்று துரை சொன்னார். அன்றைக்கு ஆபீஸ் படியில் அப்பா இறங்கிய மிடுக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்த ஒரு மாதம் லயமே கூடிச் சிரித்தது. "துணி இல்லீங்க இது, கைய லேசா வைங்க!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். டெய்லர் மரத்துக்குச் சட்டை தைக்கிறார் என்று ஒருவன் நக்கலடிக்க, "ஒனக்கும் அளவெடுக்கணும், வந்து நில்லு" என்றார் அப்பா. எனக்கோ ஆத்திரம். அவர் இல்லாத ஊருக்கு நான் போவதில்லை என்று அடம்பிடித்தேன். "நீ போய்ட்டு வா புள்ள. ரெண்டு வருஷங் கழிச்சு வந்து நம்ம கதவத் தட்டு. நாந்தான் தொறப்பேன்" என்றார்.

மாதக் கடைசியில் துரைக்கு முன்னால் எப்படியோ ஒரு மரம் வெட்டிக் காட்டி, அவர் பேர் பதிந்தாகிவிட்டது. நாங்கள் புறப்படும் நாள் விடிகாலையில் அம்மாவும் அவரோடு அந்த ரோட்டோரத்து மரத்துக்குப் போனாள். நான் ரோட்டில் நின்றேன். இருவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. திடீரென்று அப்போதைய கங்காணி கத்தும் சத்தம் கேட்டது. "என்ன மனுசன்யா நீ? மரத்தக் கொல்லுறியே!" அப்பா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். ஒன்றுமில்லாததற்கும் ஊரோடு மல்லுக்கு நிற்கிற அம்மா, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசினால் என்னவாம்? அவரை நினைத்து வெட்கப்படுகிறாள் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தை ஆப்பிரிக்கா வரை சுமந்துகொண்டு போனேன். அங்கே அவளோடு பாதி நாள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்து கதவைத் தட்டினேன். அப்பாதான் திறந்தார். கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. கடைசிவரை அவருக்கு ஒழுங்காக வெட்ட வரவில்லை. காம்பரா மட்டும் எங்களுடையதாக இருந்தது; வேலை செய்து ஓய்ந்தவர்களைக் காலி பண்ணச் சொல்வதில்லை என்பதால் இன்றும் இருக்கிறது.

போன மாதம் சின்னத்துரை மரத்தடியில் சொன்னதை அன்று பின்னேரமே அப்பாவிடம் சொன்னேன். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. அவர் இப்போது வீட்டில்தான் தைக்கிறார். நூலைக் கோத்துக்கொண்டே சிரித்தார். "அந்தப் பெரிய காயமா? அது நான் போட்டது இல்ல புள்ள. உங்கம்மா."

"அம்மாவா? எப்படி?" என்றேன்.

"கடைசியா ஒருதரம் காட்டுறேன்னு கத்திய வாங்குனா. கண்ணு ரெண்டும் தண்ணி. வெட்டு எங்க தெரியும்? சடக்குன்னு எறங்கிருச்சு. கங்காணி வர்றதப் பாத்துட்டு நான் கத்தியப் புடுங்கிக்கிட்டேன். பேசாத, வாயத் தொறந்தா நீ ஆப்பிரிக்கா போக முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா?"

"ஆப்பிரிக்காக்காரனுக்கே பழக்கிக் குடுக்கப் போறவ, மரத்தக் கெடுத்துட்டான்னு அந்தாளு ஊரெல்லாம் சொல்லவா? எனக்கு எப்படியும் பேரு கெட்டுத்தானே கெடந்துச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே.

மறுநாள் சின்னத்துரை அதே மரத்தடியில் நின்றார். குறை நினைக்க வேண்டாம் டீச்சர் என்றார். பிறகு சின்னக் காயங்களைக் காட்டி, இவையெல்லாம் பழகுகிறவர் கை, அது விளங்குகிறது என்றார். பெரிய புடைப்பின் மேல் விரலை வைத்து, இதுவுமா அவர் வெட்டியது என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். "அதுவும் எங்கப்பாதான்."