சீரியல் செட்டில் ஆறு தாள்

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். பாடம் நடத்துவது வாத்தியார். பாட்டரி தீர்ந்ததா, வயர் அறுந்ததா என்று கண்டுபிடிப்பது அவள். எந்தக் கோளாறையும் ஒரு முனையிலிருந்து வரிசையாகத்தான் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்துத் தரையில் சீரியல் செட்டை நீளமாக விரித்துப் போட்டிருந்தாள். சாயங்காலம் பேத்திக்கு முதல் பிறந்த நாள். "அப்பா பால்கனியில போடுவாரே, அந்த லைட்டையே போடும்மா" என்று மகள் போனில் கேட்டிருந்தாள். அப்பா போய் நாலு மாதம். பள்ளி வேன் ஓட்டியவர். ஒரு திங்கட்கிழமை காலை வண்டியை எடுக்கும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். "இவரு சிகரெட்டை விட்டு நாப்பது நாள் ஆச்சும்மா. எங்கப்பாவே விட்டாரு, உங்களால முடியாதான்னு தினம் சொல்லிச் சொல்லித்தான் வண்டி ஓடுது."

செட்டில் ஐம்பது பல்பு. ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. பிளக்கோடு ஒட்டிய சின்னப் பையில் ஐந்து புதுப் பல்புகள் பிரிக்காமலே இருந்தன. புதுசை அவசரத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டுப் பழசோடு மல்லுக்கட்டுவது அவர் சுபாவம். எது அவசரம் என்று கடைசிவரை சொன்னதில்லை.

ஒவ்வொரு பல்பாக உருவி, பாட்டரியில் தொட்டுப் பார்த்தாள். மினுங்கினால் திரும்பச் செருகினாள். பதினோராவது மினுங்கவில்லை. அதன் குழிக்குள் ஏதோ பளபளத்தது. ஊக்கால் நெம்பி எடுத்தாள். சுருட்டித் திணித்த தங்க நிறத் தாள். கரண்ட் அதன் வழியே தாண்டிப் போய்விடும். அந்தப் பல்பு எரியாது, மற்றவை எரியும், கூடுதல் சுமையில் சீக்கிரம் சாகும். சாக்லேட் தாளாக்கும் என்று விரித்தாள். பின்பக்கம் வெள்ளைக் காகிதம். மூக்கருகே கொண்டுபோனாள்.

சாக்லேட் இல்லை.

செட் வாங்கியது மூன்று வருஷம் முன்பு, மகள் கல்யாணத்துக்கு. அவர் மகளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணி சிகரெட்டை விட்டது அதற்கும் இரண்டு வருஷம் முன்னால். ஒரு தாள் என்றால் யாரோ நண்பருடைய பாக்கெட் என்று விட்டுவிடலாம். வரிசை முடிந்தபோது செத்த பல்பு ஏழு, அதில் ஆறுக்குக் கீழே தாள். தாள் இல்லாத அந்த ஒன்றால்தான் செட் இப்போது அணைந்திருக்கிறது.

கொழுந்தன் கேக் பெட்டியோடு வந்தான். "என்ன அண்ணி, ஊரே சீரியல் பாக்குது, நீங்க சீரியலைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

"உங்கண்ணன் வைத்தியம் பண்ணி வெச்சிருக்காரு, பாரு."

அவன் தாள்களைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

"எத்தனை வருஷமா தம்பி?"

"விட்டாத்தானே அண்ணி வருஷக் கணக்கு. பாதியாக் குறைச்சிட்டேன்னு சொல்வாரு. ஷெட்டுல மட்டும்தான். புள்ளைங்க ஏறுற வண்டின்னு வேன்ல பிடிக்க மாட்டாரு."

"வீட்டுக்கு வரும்போது?"

"ஏலக்காய்."

ஜீரணத்துக்கு என்று மாதாமாதம் ஏலக்காய் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். சற்று நேரம் ஊக்கை மூடித் திறந்தாள்.

"நம்ம பொண்ணுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது. தெரியவும் வேணாம். மாப்பிள்ளை இந்த ஒண்ணைத்தான் கெட்டியாப் பிடிச்சிட்டிருக்காரு."

ஐந்து புதுப் பல்புகளையும் செருகினாள். இரண்டு குழி மிச்சம். அவற்றை அப்படியே விட்டால் எதுவும் எரியாது. கீழே கார் கதவு சாத்தும் சத்தமும் பேத்தியின் சிணுங்கலும் கேட்டன. இரண்டு தாள்களை அவர் வைத்த இடத்திலேயே திணித்து, செத்த பல்புகளை மேலே அழுத்தினாள். மீதி நாலைக் கசக்கி, கொழுந்தன் சட்டைப் பையில் போட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை முக்காலியில் ஏறி, பால்கனிக் கம்பியில் செட்டைச் சுற்றினார். சுவிட்சைப் போட்டதும் மகள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை கையை நீட்டியது.

"அத்தை, இந்த ரெண்டு மட்டும் அடம் பிடிக்குது. கழட்டிப் பாக்கட்டுமா?" அவர் விரல்கள் அதில் ஒன்றின்மேல் இருந்தன.

"தொடாதீங்க மாப்பிள்ளை. கரண்ட் ஓடுது."

"அணைச்சிட்டுப் பாக்கறேனே."

"விடுங்க" என்றாள் மகள். "நாப்பத்தெட்டு எரியுதுல்ல. அப்பா போட்டது, அப்படியே இருக்கட்டும்."

அவர் இறங்கிவிட்டார். எல்லாரும் கேக் வெட்ட உள்ளே போனார்கள். லேப் அக்கா கொழுந்தனைக் கதவோரம் நிறுத்தினாள்.

"நாளைக்கு ரெண்டு பல்பு வாங்கிட்டு வா."

"ரெண்டா எவன் தருவான் அண்ணி? செட்டாத்தான் கிடைக்கும்."

"அப்ப செட்டா வாங்கிட்டு வா" என்றாள்.