சேற்றுக்காரிக்காக ஒரு வசனம்

குணேஸ்வரியின் வேலைநாள் மூன்று துண்டாகக் கிடக்கும். காலையில் ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு, பள்ளிக்கூடம் விடும்போது ஒரு துண்டு. கனடாவின் பிரெஞ்சு நகரமொன்றில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு முன்னாலுள்ள நாற்சந்தியில், மஞ்சள் மேலங்கி போட்டு, கையில் நிறுத்தற் பலகையோடு நின்று, பிள்ளைகளை வீதி கடக்க வைப்பது அவளுடைய உத்தியோகம். பதினொரு வருடமாக அந்தச் சந்தி அவளுடையது. ஒருமுறை சாமான் இறக்கும் லொறிக்காரன் ஒருவன் பொறுமையிழந்து வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தினான். அவள் பலகையை அவனுடைய வண்டியின் மூக்கில் சாத்தி வைத்துவிட்டு, நடு வீதியில் குந்தியிருந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்த சின்னப்பெட்டை கட்டி முடிக்கும் வரை அவனுடைய கண்ணைப் பார்த்தபடியே நின்றாள். அந்தக் கதை அந்தத் தெருவில் இன்னும் உலாவுகிறது.

துண்டுகளுக்கு நடுவே வரும் நேரத்தை என்ன செய்வது? வீடு தூரத்தில், லாசாலில். போய் வருவதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும். ஆகவே இரண்டு தெரு தள்ளியுள்ள நூலகத்தில் போய் இருப்பாள். அங்கேதான் கொமிக்ஸ் பழக்கம் பிடித்தது. வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் ஏறாதது படப்புத்தகத்தில் ஏறியது. பாதியைப் படம் சொல்லிவிடும், மீதியை வார்த்தை சொல்லும். முதலில் பிரெஞ்சுக்காக வாசித்தாள். பிறகு பிரெஞ்சு வந்துவிட்டது, வாசிப்பு நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பறக்கிற மனுசர்களுடைய கதை எத்தனை வாசித்திருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது.

இந்தப் பழக்கத்தை வாசகர் வட்டத்தில் அவள் வெளியே விட்டதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், தேவாலயம் ஒன்றின் நிலவறை மண்டபத்தில் கூடும் வட்டம் அது. யாழ்ப்பாணத்தவர் அதிகம், மட்டக்களப்பார் சிலர். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் கருத்தைப் பெயர் போடாமல் கணினியில் அடித்து, மடித்து, ஒரு ஐஸ்கிரீம் வாளிக்குள் போடவேண்டும். ஒருவருடையதை இன்னொருவர் எடுத்து வாசிப்பார். எல்லாரும் கதைத்து முடியும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில்தான் எழும்பி "நான்தான்" என்று சொல்லலாம். ஆளைப் பார்த்துக் கருத்தை அளக்கிற நோய்க்கு மருந்தாக இதை ஏற்படுத்தியவர் பேரின்பநாதன். ஊரில் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக, அச்சுப்பிழை திருத்துபவராக இருந்தவர். இங்கே வந்து துணிக் களஞ்சியத்தில் இருபத்தேழு வருடம் பெட்டி தூக்கியும் அந்தக் கண் மங்கவில்லை. இப்போது இல்-பிசாரில் மகனோடு இருக்கிறார். கோயில் துண்டுப்பிரசுரத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் தொலைபேசி எடுத்துச் சொல்லுவார்.

மாசி மாதத்துக்கான புத்தகத்தைத் தெரிவுசெய்யும் முறை இமெல்டாவுக்கு வந்தது. மட்டக்களப்புக்காரி, குழந்தைகள் காப்பகத்தில் வேலை, குணேஸ்வரியின் கூட்டாளி. அவளுக்கு மட்டும்தான் கொமிக்ஸ் இரகசியம் தெரியும். அவள் ஒரு கொமிக்ஸைச் சொன்னாள். மண்டபம் சிரித்தது. படம் பார்க்கிறதுக்கு ஒரு வட்டமோ என்று ஒருவர் கேட்டார். ஆனால் முறை முறைதான்.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு நகரம். அதைக் காக்கிற பறக்கும் வீரன் ஒருவன். அவனுக்கு வட்டத்தார் வெண்தோளன் என்று பெயர் வைத்தார்கள். பெருவெள்ளம் வந்த இரவில் நகரம் முழுவதையும் காப்பாற்றியவன், நடுச்சந்தியில் சிலையாக நிற்கிறவன். அவனுக்கு ஒரு எதிரி, சேற்றுக்காரி. பன்னிரண்டு பாகமாக அவள் பாலத்தை உடைக்கிறாள், மின்சாரத்தை அறுக்கிறாள், அடி வாங்கிக்கொண்டு போகிறாள். பதின்மூன்றாம் பாகம் அதே கதையை அவளுடைய பக்கத்தில் நின்று சொல்கிறது. நகரத்தைக் காப்பாற்ற அன்றிரவு வெண்தோளன் கீழ்க்கரை அணையை உடைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறான். கீழ்க்கரையில் தொண்ணூறு பேர் போய்விட்டார்கள். தப்பியவள் சேற்றுக்காரி. அவளையும் சேற்றிலிருந்து தூக்கி விட்டவன் அவன்தான். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: அந்தத் தொண்ணூறு பெயரையும் சிலைக்கு முன்னால் நின்று அவன் தன் வாயால் வாசிக்கவேண்டும்.

அந்தப் பாகத்துக்கு இணையத்தில் விழுந்த வாசகர் கருத்துகளை மகள் தனுஷா அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். பாதிப்பேர் ஐந்து நட்சத்திரம், பாதிப்பேர் ஒன்று. என் சிறுவயதையே கெடுத்துவிட்டீர்கள் என்று ஒருவன் அழுதிருந்தான். குணேஸ்வரி ஐந்து நட்சத்திரக்காரி. ஆனால் நட்சத்திரம் போட்டு அவளுக்குத் தீரவில்லை. மூன்று வாரமாக நூலக மேசையில் இருந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதில் ஒரு வசனத்துக்கு மட்டும் நாலு நாள் போனது.

*காப்பாற்றியவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் முதல் உரிமை காப்பாற்றப்பட்டவளுக்குத்தான், நன்றி சொல்லிவிட்டாள் என்பதற்காக அந்த உரிமை தீர்ந்துபோவதில்லை.*

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த வருடம் ஷெல்லுக்கு நடுவே வள்ளம் தந்து அவளுடைய குடும்பத்தை உயிரோடு அக்கரை சேர்த்தவர்களே, மூன்று மாதம் கழித்து வந்து அவளுடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கவேண்டும் என்பது இந்தச் சனத்தின் எழுதாத சட்டம். அவள் தம்பியைப் பற்றி எழுதவில்லை. சேற்றுக்காரியைப் பற்றித்தான் எழுதினாள்.

ஞாயிறு வந்தது. வாளி சுற்றி வந்தது. அவளுடைய தாள் பேரின்பநாதனின் கையில் அகப்பட்டது. மனுசன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அழகாக வாசித்தார். தமிழை அவர் வாசித்தால் எழுதியவருக்கே தான் எழுதியது நன்றாகத் தெரியும். இரண்டாம் பக்கம் திரும்பியது. அந்த வசனத்துக்கு முந்திய வசனம் வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றார். அடுத்து வந்தது அந்த வசனத்துக்குப் பிறகு வரும் வசனம்.

குணேஸ்வரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காற்புள்ளியைத் தவறவிடாத கண். இது தவறல்ல.

விவாதம் தொடங்கியது. வசனம் இல்லாமலேயே மண்டபம் சூடேறிவிட்டது. எங்களுடைய ஆட்களுக்குள்ள தனிப் பிழை அது. வீரன், வில்லன் என்ற சொல்லைக் கேட்டால் ஒருவருக்கும் ஆற்றங்கரை நகரம் கண்ணில் தெரியாது. அவரவருக்கு அவரவருடைய வெண்தோளன் வந்து நின்றான். இயக்கப் பெடியளைத்தான் குத்துகிறது என்றார் ஒருவர். இல்லை, சமாதானம் காக்க வந்த இந்தியப் பட்டாளத்தைச் சொல்கிறது என்றார் இன்னொருவர். நடராசா என்பவர் இது கனடாவைப் பற்றியதென்று அடித்துச் சொன்னார். அகதியென்று எடுத்துவிட்டு வாயைப் பொத்தச் சொல்கிற நாட்டைப் பற்றியதாம். யாரோ ஒரு அம்மா தன் மூத்த மச்சானை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. இதை எழுதினது ஆரெண்டாலும் துரோக மனம் என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது.

வழக்கப்படி அவள் வாய் மூடியிருக்கவேண்டிய நேரம். பதினொரு வருட வட்டத்தில் ஒருவரும் மீறாத வழக்கம். அவள் எழும்பினாள்.

"அண்ணை, ஒரு வசனம் விடுபட்டுப் போச்சு."

கதிரைகள் திரும்பின. பேரின்பநாதன் தாளை மடித்தார்.

"விடுபடேல்லைத் தங்கச்சி. விட்டனான்."

"ஏன்?"

"அது சனத்தைப் பிரிக்கும். எழுதின ஆளுக்கும் நல்லதில்லை. நான் அந்த ஆளுக்காகத்தான் விட்டனான்."

"என்னைக் காப்பாத்தினியளோ?"

அவர் மடித்த தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவள் தாளைக் கேட்கவில்லை. நாலு நாள் எழுதிய வசனம் மனப்பாடம். அதை அப்படியே, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கச் சொன்னாள். சந்தியில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல் அது, ஒலிவாங்கி தேவைப்படாது.

நடராசா கையை உயர்த்தினார். "பிள்ளை, நேரை சொல்லு. ஆரைச் சொல்லுறாய்?"

"நான் புத்தகத்திலை பறக்கிறவனைச் சொல்லுறன். நீங்கள் ஆரை நினைச்சியள்?"

நடராசா உயர்த்திய கையை இறக்கிவிட்டார். இமெல்டா மெதுவாக, "நான் எங்கட மாதா கோயில்ல இருந்த பழைய பங்குச்சாமிய நினைச்சன்" என்றாள். ஓரிருவர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

ஆனால் விஷயம் கலையவில்லை. வருட இறுதியில் வட்டம் ஒரு மலர் போடும். அந்தந்த மாதக் கருத்துகளில் சிறந்ததை வாக்கெடுத்து அச்சிடுவார்கள். இமெல்டாவின் வாக்கும் இன்னும் ஆறு பேருடைய வாக்கும் குணேஸ்வரிக்கு விழுந்திருந்தது. பேரின்பநாதன் தொலைபேசி எடுத்தார். வசனத்தை எடுத்துவிட்டுப் பெயரோடு போடலாம், அல்லது வசனத்தோடு 'ஒரு வாசகி' என்று போடலாம், இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார். வசனமும் போகவேண்டும், பெயரும் போகவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றாள் அவள். யோசித்துச் சொல்வதாக அவர் தொலைபேசியை வைத்தார்.

கணவர் யோகேந்திரன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் அன்னதானப் பொறுப்பில் இருப்பவர். நாலு பேர் முகத்தைத் திருப்பினால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காத மனுசர்.

"ஏனப்பா உனக்கு இந்த வேலை? தம்பியை நினைச்சுத்தானே எழுதினனி?"

"ஓம்."

"அப்ப அவங்கள் சொல்லுறது சரிதானே."

"தம்பியை நினைச்சு எழுதினா வசனம் பிழையாப் போகுமோ?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. ஊரில் இருக்கிற அக்காவின் காதுக்கு இது எந்த வடிவத்தில் போய்ச் சேருமோ என்று இரண்டு நாள் யோசித்தபடி திரிந்தாள். பொது இடத்தில் கதைக்கும்போது யார் நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கிற பழக்கம் கடல் கடந்தும் போகவில்லை. ஆனாலும் தொலைபேசி எடுத்து 'எடுத்துவிடுங்கோ' என்று சொல்ல அவளுடைய கை போகவில்லை.

மார்கழியில் மலர் வெளியீடு. அதற்கு முந்தின நாள் இமெல்டா தொலைபேசியில் மூச்சு வாங்கக் கதைத்தாள். பேரின்பநாதன் மனம் மாறி, வசனத்தோடும் பெயரோடும் அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். பெட்டி வந்து திறந்து பார்த்த பிறகு மலர்க் குழுவுக்குள் பெரிய பிடுங்குப்பாடும் சண்டையுமாம். கடைசியில் நாலு பேர் உட்கார்ந்து, இருநூறு பிரதியிலும் அந்த வசனத்தைக் கறுத்த மையால் கையாலேயே அடித்துவிட்டார்களாம்.

"எல்லாத்திலயும் அடிச்சுப்போட்டாங்க புள்ள. என்ன செய்யப்போறாய்?"

"வாறன்" என்றாள் குணேஸ்வரி.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவள் கண்ட காட்சியை எந்தக் கொமிக்ஸ்காரனும் வரைந்ததில்லை. தலைவருடைய உரை நடந்துகொண்டிருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு மாமி பின்பக்கமாகத் தாளைத் தடவி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். மலரில் அறுபது பக்கம். அன்றைக்கு எல்லாரும் வாசிக்க விரும்பியது ஒரேயொரு வசனம்தான்.

நடராசாதான் முதலில் வந்தார், பிரதியை நீட்டிக்கொண்டு. அவர் மாசி மாதம் கேட்ட கேள்வியை மறந்த மாதிரி இருந்தது.

"என்னண்டு இருந்தது பிள்ளை? 'முதல் உரிமை' வரைக்கும் தெரியுது. அங்காலை தெரியேல்லை."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் கைப்பைக்குள் துழாவி ஒரு பேனையை எடுத்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கறுப்புப் பட்டைக்குப் பக்கத்து வெள்ளை ஓரத்தில் வசனத்தை முழுதாக எழுதிக் கொடுத்தாள். கீழே பெயரையும் போட்டாள். அடுத்து பின்னால் நின்ற மாமி. அடுத்து இமெல்டா. அதற்குள் வரிசை கதவு வரை போய்விட்டது. வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் தன் முதுகுக்குப் பின்னால் துரோகி என்று சொன்னவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் எழுதினாள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி.

மேடைப் பக்கமிருந்து பேரின்பநாதன் இறங்கி வந்தார். குழுவில் மற்றவர்கள் அவரை அனுப்பியிருக்கவேண்டும். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"தங்கச்சி, இது வட்டத்தின்ர மலர். இப்பிடிக் கிறுக்கக் கூடாது."

"மலர் வட்டத்தின்ரதான் அண்ணை. வசனம் என்ர."

அவர் நிமிர்ந்தார். போகவில்லை. அவள் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி நின்றார். பிறகு, பழக்கம் விடவில்லை, விரலை நீட்டினார்.

"நடுவிலை காற்புள்ளி இல்லை, அரைப்புள்ளி வரவேணும்."

அவள் அரைப்புள்ளியைப் போட்டாள். அடுத்த பிரதிக்குக் கையை நீட்டினாள்.